சத்ரியும் சத்திரமும்

ராஜஸ்தான் சுற்றுலா போய்விட்டுத் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கிய அத்தை முதலில் சொன்னது ஒரு குறை. "ஜெய்சல்மேர்ல சத்திரத்தைப் பார்க்கலாம்னு கூட்டிட்டுப் போனாங்கடா. ஒரு வாய் தண்ணி இல்ல!"

வழிகாட்டி சொன்னது 'சத்ரி'. அத்தை காதில் விழுந்தது சத்திரம்.

அதில் தப்பில்லை. வடமொழியில் குடைக்கு ஒரு 'சத்ர', வேள்விக்கும் அன்னதானத்துக்கும் வேறொரு 'ஸத்ர'. தமிழுக்கு வந்ததும் இரண்டும் சத்திரம் ஆகிவிட்டன. சோறு போட்ட சத்திரம் நிலைத்தது. குடைச் சத்திரம் அகராதியோடு நின்றுவிட்டது. இந்தியில் சத்ரி என்றால் இன்றும் மழைக்குப் பிடிக்கிற குடைதான்.

கட்டடத்தில் சத்ரி என்பது தூண்கள் மேல் குடை கவிழ்த்தாற்போல் ஒரு குவிமாடம். சுற்றிலும் சுவர் இருக்காது. அரண்மனை மாடியில் அழகுக்கு நிற்பதும் சத்ரி, அரசரை எரித்த இடத்தில் நினைவுக்கு எழுப்பியதும் சத்ரி. அத்தை ஜெய்சல்மேரில் பார்த்த படா பாக் சத்ரிகள் இரண்டாவது வகை. நம் வெண்கொற்றக்குடை மாதிரி அங்கேயும் குடை அரசுரிமையின் அடையாளம். ஆனால் ராஜஸ்தானின் பூந்தி நகரில் 84 தூண்களோடு நிற்கும் சத்ரி மன்னருக்கானது இல்லை, மன்னரின் செவிலித்தாய் மகனுக்கு எழுப்பியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பள்ளிப்படை' என்பார்கள். எனக்கு ஒப்பவில்லை. பள்ளிப்படை என்பது இறந்த அரசருக்காக லிங்கம் வைத்து, பூசை நடக்க எடுத்த கோயில். மேல்பாடியில் அரிஞ்சய சோழனுக்கு முதலாம் ராஜராஜன் எடுப்பித்தது அப்படிப்பட்டது. 'நினைவு மண்டபம்' என்றால் காரணம் புரியும், வடிவம் வராது. நான் 'குடைமண்டபம்' என்றே எழுதுகிறேன். நினைவுக்கானது என்றால் முன்னால் 'நினைவு' சேர்த்துக்கொள்ளலாம்.

தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். நம் தகடூர் அதியமானுக்கு ஔவையார் பாட்டில் குடைமண்டபம் ஏதும் இல்லை. ஒரு நடுகல், அதில் சூட்டிய மயிற்பீலி, சிறு கலத்தில் கள். நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானோ என்று கேட்கிறார். புறநானூற்றின் 232ஆம் பாட்டு.

அத்தை பொங்கல் வைக்கிற வேடியப்பனும் அப்படியொரு நடுகல்தான். புங்கமரத்தடி, கையில் வில், காலருகே கெண்டி. மஞ்சள் பூசிப் பூசி முகம் மழுங்கிவிட்டது. அங்கேயும் தண்ணீர் கிடையாது. வீட்டிலிருந்து குடத்தில் சுமந்துதான் போகிறார், குறை சொல்லாமல்.