ரங்கன் முட்டை போட்டான்

கொளத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "ரங்கன் ஆண் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. இரண்டு நாளாகச் சாப்பிடாமல் கண்ணாடித் தொட்டியின் மூலையைப் பிறாண்டிக்கொண்டே இருந்தான். செவ்வாய்க்கிழமை காலை எழுந்து பார்த்தால் தொட்டிக்குள் பதித்திருந்த டைல்ஸ் மேல் பதினெட்டு முட்டை. ஜோடியே இல்லாமல் எப்படி? இந்த முட்டைகளை என்ன செய்வது? அடைகாக்கும் கோழி செய்வது மாதிரி தினமும் திருப்பி வைக்க வேண்டுமா? மாமியார் இதற்கு என்ன பலன் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்."

ரங்கன் ஒரு பியர்டட் டிராகன். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பல்லி. கோபம் வந்தால் தொண்டையை உப்பிக் கறுக்க வைத்துக்கொள்ளும், அதுதான் அந்தத் 'தாடி'. நம் வேலியோர ஓணானும் அதுவும் ஒரே குடும்பம், ஒன்றுவிட்ட பங்காளிகள். இந்த உறவு நமக்குப் பிறகு உதவும். குட்டியில் ஆண் பெண் கண்டுபிடிப்பது கடைக்காரருக்கும் கஷ்டம்தான். வளர்ந்த பிறகு வாலை மெல்லத் தூக்கி அடியில் பார்த்தால் ஆணுக்கு இரண்டு பக்கமும் இரண்டு புடைப்பு தெரியும். பெண்ணுக்கு அப்படி இருக்காது. ஆக, இனி ரங்கநாயகி.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாக முட்டை வருகிறதே, அவற்றை இட்ட கோழிகளில் எதுவும் சேவலின் முகத்தைப் பார்த்ததில்லை. முட்டை செய்வது பெண் உடம்பின் வேலை. ஆண் வந்தால் அது குஞ்சாகும், வராவிட்டால் ஆம்லெட் ஆகும். பல பல்லி இனங்களிலும் இதே கதைதான். நன்றாகச் சாப்பிட்டு, நல்ல வெளிச்சத்தில் வளர்ந்த பெண், வயது வந்ததும் கூமுட்டை இடலாம். ஆனால் நாலு மாதம் முன்புவரை ரங்கநாயகி கடையில் ஒரே தொட்டியில் மற்றவற்றோடு இருந்திருந்தால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. இந்தப் பிராணிகளால் ஆணின் விந்தணுவை உடம்புக்குள் மாதக்கணக்கில் பத்திரப்படுத்த முடியும். அப்போது வாங்கியதை இப்போது செலவு செய்திருக்கலாம். (ஆணே இல்லாமல் இட்ட முட்டையிலிருந்து குட்டி பொரியும் இனங்களும் உண்டு. 2006இல் இங்கிலாந்து விலங்குக் காட்சிசாலைகளில் கொமோடோ டிராகன்கள் அப்படிச் செய்தன. அவ்வளவு தூரம் போவானேன், சென்னைப் பூந்தொட்டிகளில் மண்புழு மாதிரி நெளியும் புழுப்பாம்பு இனத்தில் எல்லாமே பெண்கள்தான். காதுக்குள் புகுந்துவிடும் என்று அதை நசுக்குகிறார்கள், பாவம். விஷமும் இல்லை, காதில் அதற்கு வேலையும் இல்லை.)

எனக்கு உண்மையில் பிடித்தது வாசகி போகிற போக்கில் சொன்ன அந்த விஷயம்தான்: மூலையைப் பிறாண்டிக்கொண்டே இருந்தான். ஏன் பிறாண்ட வேண்டும்?

எங்கள் மொட்டை மாடியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு ஜூன் மாத மாலை, அரை மணி நேரம் கொட்டிய மழைக்கு அடுத்த நாள், ஒரு பெண் ஓணான் அதில் இறங்கிக் குழி தோண்டியது. முன்னங்கால்களால் மண்ணை வாரி வாரிப் பின்னால் தள்ளியது. நடுநடுவே நிறுத்தி, குழிக்குள் முகத்தை விட்டுப் பார்த்தது. தோண்டிய குழி பிடிக்காமல் விட்டுவிட்டுத் தொட்டியின் அடுத்த பக்கத்தில் ஆரம்பித்தது. கடைசியில் உடம்பைப் பாதி உள்ளே இறக்கி முட்டையிட்டு, மண்ணைத் தள்ளி மூடி, தலையால் தட்டித் தட்டிக் கெட்டிப்படுத்தியது. கொத்தனார் தோற்றார். அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது.

அது தேடியது இடத்தை அல்ல, ஈரத்தை. கோழிமுட்டை ஒரு முழுச் சாப்பாட்டுப் பொட்டலம். குஞ்சுக்கு வேண்டிய தண்ணீர் முழுக்க வெள்ளைக்கருவாக உள்ளேயே கட்டிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஓணான் முட்டையில் வெள்ளைக்கரு பெயருக்குத்தான். மஞ்சள்கரு உண்டு, அதாவது சோறு கட்டியாயிற்று. தண்ணீரைப் 'போகிற இடத்தில் குடித்துக்கொள்' என்று தாய் விட்டுவிட்டாள். அதனால்தான் ஓடும் வேறு மாதிரி. ஓணான் முட்டையை விரலால் தொட்டுப் பாருங்கள், நனைந்த காகிதம் போல அழுந்தும். உள்ளே புரத இழைகள் குறுக்கும் நெடுக்குமாக நெய்த ஒரு பாய். அதன் மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு. அந்த இழைகளின் இடுக்கு வழியாக மண்ணின் ஈரம் உள்ளே போகும். முட்டை வீங்கும். மண்ணில் கிடக்கும் காலத்தில் இட்டபோது இருந்த எடையைப் போல இரண்டு மடங்குகூட ஆகிவிடும். முட்டை வளரும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. உள்ளே இருப்பது மட்டுமல்ல, முட்டையே வளர்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம். மண்ணில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அந்த மண் அதை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதுதான் முக்கியம். களிமண்ணின் நுண்ணிய துகள்கள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது. அது கஞ்சன் வீட்டுப் பணம் மாதிரி, இருக்கும், ஆனால் கைக்கு வராது. மணலில் கொஞ்சம் ஈரம் இருந்தாலே தாராளமாகக் கொடுத்துவிடும். முட்டையின் உள்ளே கரைந்திருக்கும் உப்புகளும் சத்துகளும் ஒரு பக்கம் தண்ணீரை இழுக்கின்றன, மறு பக்கம் மண் இழுக்கிறது. கயிறு இழுக்கும் போட்டிதான். மண் ஜெயித்தால் முட்டை காய்ந்து குழிவிழும். முட்டை ஜெயித்தால் குட்டி வரும். ஒரேயடியாகத் தண்ணீரில் மிதந்தால் காற்றோட்டம் போய் மூச்சு முட்டும்.

சரி, ஈரமான மண் கிடைக்கவே இல்லை என்றால்? தார்வாடிலுள்ள கர்நாடகப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையினர் இதை நம் சாதாரண ஓணானில் பார்த்தார்கள். ஈர மண் கிடைக்காத ஓணான் முட்டையை இடுவதில்லை. உள்ளேயே வைத்துக்கொள்கிறது. உள்ளிருக்கும் கரு ஒரு கட்டம் வரை வளர்ந்து, அங்கேயே நின்று காத்திருக்கிறது. மழை எப்போது வரும் என்று தாயும் காத்திருக்கிறாள், குட்டியும் காத்திருக்கிறது. எவ்வளவு அழகான கண்டுபிடிப்பு! இதற்குத் தேவைப்பட்டது ஓணான், மண், தண்ணீர், தராசு, நுண்ணோக்கி, நிறையப் பொறுமை. கோடிகள் தேவையில்லை, லட்சங்கள் போதும். ஆனால் இன்று ஒரு மாணவி 'ஓணான் முட்டை' என்று தலைப்பு வைத்து ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பித்தால், இதனால் நாட்டுக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு அரைப் பக்கம் எழுத வேண்டும். என் கருத்தில் அந்த அரைப் பக்கத்தை முதலில் நீக்க வேண்டும்.

பயன் இதோ, கொளத்தூரில் இருக்கிறது. டைல்ஸ் தரை மீது வாழும் ரங்கநாயகி இரண்டு நாள் பிறாண்டியது 'மண் எங்கே' என்ற கேள்வி. அவள் அதிர்ஷ்டசாலி, கடைசியில் இட்டுவிட்டாள். பல வளர்ப்புப் பல்லிகள் மண் கிடைக்காமல் அடக்கி அடக்கி, முட்டை உள்ளேயே சிக்கி இறந்துபோகின்றன. எனவே ஒரு அடி உயரமாவது உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் மணலும் தோட்ட மண்ணும் கலந்து, தோண்டினால் குழி சரியாத அளவு நனைத்து, தொட்டிக்குள் வைத்துவிடுங்கள். சில வாரங்களில் அடுத்த ஈடு வரலாம். தோண்டித் தோண்டியும் முட்டை வராமல், சோர்ந்து படுத்து, பின்னங்கால் இழுத்தால் கைவைத்தியம் வேண்டாம். ஊர்வன பார்த்துப் பழகிய மருத்துவரிடம் அன்றைக்கே போக வேண்டும். எல்லாக் கால்நடை மருத்துவரும் பல்லியைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். யார் என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள்.

உணவின் மேல் கால்சியம் பொடி தூவுவதையும் விட்டுவிடாதீர்கள். ஓட்டுக்கு மட்டுமல்ல, முட்டையை வெளியே தள்ளும் தசை சுருங்குவதற்கும் கால்சியம் வேண்டும். போதாவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து உருவும். இந்த விஷயத்தில் நம் வீட்டுப் பல்லி கெட்டிக்காரி. டியூப்லைட் பக்கத்தில் இருக்கும் பெண் பல்லியின் கழுத்தை உற்றுப் பாருங்கள். சிலவற்றுக்கு இரண்டு பக்கமும் வெள்ளையாக உப்பியிருக்கும். அது நோய் இல்லை, சுண்ணாம்புக் கிடங்கு. அதிர்ஷ்டம் இருந்தால் வயிற்றுத் தோல் வழியே இரண்டு வெள்ளை முட்டைகளும் தெரியும். வீட்டுப் பல்லியின் முட்டை ஓணான் முட்டைக்கு நேர் எதிர். ஓடு கெட்டி, மண்ணிடம் தண்ணீர் கேட்காது. அதனால்தான் சுவிட்ச் பெட்டிக்குள்ளும் காலண்டர் பின்னாலும் பொரிகிறது, கப்பல் சரக்கோடு சரக்காக உலகமெல்லாம் போய்க் குடியேறியும் விட்டது.

இப்போது அந்தப் பதினெட்டு. தோட்டச் சாமான் கடைகளில் வெர்மிகுலைட் என்று ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகள் கிடைக்கும். அதைப் புட்டுமாவுப் பதத்தில் நனையுங்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. மூடியுள்ள டப்பாவில் பரப்பி, முட்டைகளைப் பாதி புதையும்படி வையுங்கள். மூடியில் ஒன்றிரண்டு ஓட்டை போதும். முட்டை கிடந்த நிலையிலேயே எடுத்து வையுங்கள். பென்சிலால் மேல் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் கடைசிவரை எது மேல் என்று தெரியும்.

இல்லை, தினமும் திருப்பக் கூடாது. கோழி திருப்புகிறதே என்றால், கோழிமுட்டைக்குள் மஞ்சள்கருவை இரண்டு முனையிலும் முறுக்குக் கயிறு போலப் பிடித்திருக்கும் இழைகள் உண்டு. உடைத்து ஊற்றும்போது வெள்ளையாக நூல் மாதிரி வருமே, அதுதான். முட்டையை எப்படி உருட்டினாலும் மஞ்சள்கரு உள்ளே சுழன்று, கரு மேல் பக்கம் வந்துவிடும். ஊர்வன முட்டையில் இந்தக் கயிறு கிடையாது. கரு மேலே எழும்பி, சுவாசிப்பதற்காகத் தன் சவ்வை ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் கவிழ்த்தால் கனத்த மஞ்சள்கரு அதன் மேல் உட்காரும், சவ்வு கிழியும். கடலாமைகளில் இது மிகக் கடுமை. ஜனவரி தொடங்கி நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் கடற்கரையில் நடக்கும் ஆமைத் தொண்டர்கள், முட்டைகளை இட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துவிட அவசரப்படுவது இதனால்தான். பல்லி இனங்களில் சில கொஞ்சம் தாங்கும். அதற்காக ரங்கநாயகியிடம் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

சூடு 28 முதல் 30 டிகிரி இருந்தால் இரண்டு மாதத்துக்கு மேல் கொஞ்சம் ஆகும். சென்னையில் சூடாக்குவது பிரச்சினை இல்லை, ஆறவைப்பதுதான் பாடு. ஃபிரிட்ஜ் மேல் வைக்காதீர்கள். 32 டிகிரியைத் தாண்டினால் இந்த இனத்தில் ஆணாக வேண்டிய கருக்கள் பெண்ணாகத் திரும்பத் தொடங்கும். வடநெம்மேலி முதலைப் பண்ணையில் நம் சதுப்புநில முதலைகளில் பார்த்தது இதற்குத் தலைகீழ்: 31 டிகிரியில் எல்லாம் பெண், 32.5இல் எல்லாம் ஆண். ஒன்றரை டிகிரி, அவ்வளவுதான் வித்தியாசம்.

பத்து நாள் கழித்து இருட்டில் செல்போன் டார்ச்சை முட்டையோடு ஒட்டி அடியுங்கள், எடுக்காமல். இளஞ்சிவப்பில் ரத்த நாளம் தெரிந்தால் உயிர். வெறும் மஞ்சளாக இருந்து, குழிவிழுந்து, பூசணம் பூத்தால் கூமுட்டை, எறிந்துவிடலாம். ஒவ்வொரு முறையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஊர்வன மேல் சால்மொனெல்லா என்ற, வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கலாம். பொரிந்த குட்டிகளை ஏரிக்கரையில் விடும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம்.

மாமியாருக்கு: பல்லி தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால் என்று பஞ்சாங்கத்தில் பட்டியல் உண்டு. காஞ்சிபுரத்தில் தங்கப் பல்லியைத் தொட்டுப் பரிகாரமும் உண்டு, நானும் சின்ன வயதில் தொட்டிருக்கிறேன். ஆஸ்திரேலியப் பிராணி டைல்ஸ் மேல் முட்டையிட்டால் என்ன பலன் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. தெரிந்தே ஆக வேண்டுமென்றால் தங்கம் நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கி, புள்ளி மேலே இருக்கும்படியே வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்று பதில் எழுதினேன்.

நேற்று பதில் வந்தது. பதினான்கு முட்டை சுருங்கிவிட்டது, எடுத்தாயிற்று. ஒன்று சந்தேகம். மூன்று எடை கூடியிருக்கிறது. கணக்கு முழுவதும் பஞ்சாங்கத்தின் பின் அட்டையில் இருக்கிறதாம், மாமியார்தான் எழுதுகிறார்.