இடைநடுவில் நின்றுவிடும் முன் ஒருமுறை வந்து கேளுங்கள்

தேசிய தொழிற்தகைமை நான்காம் மட்டத்துக்கான மின்னியல் கற்கைநெறியின் இறுதி மதிப்பீட்டுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், மூதூருக்கு அப்பாலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார். கைவேலையில் வகுப்பிலேயே முன்னுக்கு நின்றவர் அவர். வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தபோது, "அவனுக்குப் படிப்பில மனமில்லை மிஸ், நாங்கள் என்ன செய்யிறது" என்றார் தாயார். பிறகு ஊரவர் ஒருவர் மூலம் தெரியவந்தது வேறு கதை. வாடைக்கடல் கொந்தளித்ததால் தகப்பனாருக்குப் பல நாட்களாகத் தொழில் இல்லை. கிழமைதோறும் கட்டவேண்டிய நுண்கடன் தவணை வாசலில் வந்து நிற்கிறது. பஸ்ஸுக்குக் காசு கேட்க மனம் வராமல் பையன் கட்டட வேலைக்குக் கூலியாகப் போய்விட்டான். இதில் ஒன்றையேனும் அவர் எங்களிடம் சொல்லவில்லை.

திருகோணமலையில் அரச தொழிற்பயிற்சி நிறுவனமொன்றில் கற்பித்தலோடு மாணவர் ஆலோசனைப் பொறுப்பையும் பல ஆண்டுகளாக வகித்துவரும் எனக்கு இந்தக் கதை புதியதன்று. ஒவ்வொரு மாணவர் அணியிலும் இப்படிச் சிலரை இழக்கிறோம். இந்த முறை என்னால் பேசாமலிருக்க முடியவில்லை.

எனக்கு மிகவும் கோபமூட்டும் வாசகம் ஒன்று உண்டு. "அரசாங்கம் சும்மா படிப்பிக்குது, இதைக்கூடப் படிக்க ஏலாட்டி அது சோம்பல்தான்" என்பது அது. உறவினர்கள் சொல்கிறார்கள், பழைய பாடசாலை ஆசிரியர்கள் சொல்கிறார்கள், சில வேளைகளில் எங்கள் போதனாசிரியர்களே சொல்கிறார்கள். 1945 இல் இந்த நாட்டில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி எத்தனையோ குடும்பங்களைத் தலைநிமிர்த்தியது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆயினும் பாடக் கட்டணம் அறவிடப்படாததால் ஓர் ஏழைக் குடும்பத்துக்குப் பிள்ளையைப் படிப்பிக்கச் செலவே இல்லை என்று எண்ணுவது, மாதம் ஒருமுறைகூட அந்தக் குடும்பத்தின் கணக்கை உட்கார்ந்து பார்க்காதவர்களின் எண்ணம்.

பார்ப்போம். வெருகலிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ நகரத்துக்கு வருபவர் ஒரு வழிக்கே 50 கிலோமீற்றருக்கும் மேல் பயணம் செய்கிறார். நேரத்துக்கு நேரடி பஸ் கிடைக்காத நாளில் இரண்டு பஸ் மாறவேண்டும். காலை 5 மணிக்கு வீட்டை விட்டு இறங்கும் பிள்ளை மத்தியானம் கடையில் ஒரு சோற்றுப் பார்சல் வாங்கவேண்டும், அல்லது பட்டினி கிடக்கவேண்டும். பட்டினி கிடப்பவர்கள் எத்தனை பேர் என்பதைப் பிற்பகல் செய்முறை வகுப்பில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வேலைக்கூடத்துக்குள் நுழையப் பாதுகாப்புச் சப்பாத்தும் ஓவரோலும் வேண்டும். மின்னியல் மாணவருக்குச் சொந்தமாக ஒரு மல்ரிமீற்றர் இருந்தால்தான் வீட்டில் பழகலாம். குறிப்புகளும் அறிவித்தல்களும் வட்ஸ்அப் குழுவில் வருவதால் தொலைபேசியும் டேட்டாவும் அவசியமாகிவிட்டன. தம்பியும் தங்கையும் ஒரே தொலைபேசியைப் பங்குபோடும் வீட்டில், "குறூப்பில போட்டனே, பார்க்கேல்லையா" என்ற கேள்விக்கு அந்த மாணவர் என்ன பதில் சொல்வார்?

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. 18 வயதுப் பையன் வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவன் உழைத்திருக்கக்கூடிய நாட்கூலியை அந்தக் குடும்பம் இழக்கிறது. வசதியுள்ள வீட்டில் இது இழப்பாகவே தெரியாது. தகப்பன் இல்லாத வீட்டில், அல்லது தாய் வெளிநாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்து திரும்பி நோயோடு படுத்திருக்கும் வீட்டில், மூத்த பிள்ளையின் கூலிதான் அன்றைய உலையில் போடும் அரிசி. படிப்பில் அக்கறையுள்ள பிள்ளையே இதை அதிகமாக உணர்கிறது, அதனாலேயே முதலில் நின்றும் விடுகிறது. இதைச் சோம்பல் என்று அழைப்பதை நாங்கள் நிறுத்தவேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் இதற்கு ஓர் ஆண்டுக் காலக்கணக்கே இருக்கிறது. கார்த்திகையிலிருந்து தை வரை கடற்றொழில் குடும்பங்களின் வருமானம் விழும்போது குச்சவெளி, இறக்கக்கண்டி, மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகளின் வரவு குறைகிறது. பெரும்போக அறுவடை தொடங்கும்போது தம்பலகாமத்துப் பிள்ளைகள் காணாமற்போகிறார்கள். சித்திரை பிறந்து நிலாவெளியிலும் உப்புவெளியிலும் உல்லாசப் பயணிகள் நிறையத் தொடங்கியதும் ஹோட்டல்கள் இளைஞர்களை நாட்சம்பளத்துக்கு அழைத்துக்கொள்கின்றன. வரவுப் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் எவரும் இதை முன்கூட்டியே காணலாம். கண்டும், மதிப்பீட்டுத் திகதிகளையும் செய்முறைப் பயிற்சிகளையும் இந்த மாதங்களைப் பாராமல் வைத்துவிட்டு, வராதவர்கள்மீது குற்றம் சாட்டுவது நியாயமன்று என்பதை என் சகபணியாளர்களிடம் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய சிக்கலும் அன்று. அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரிகள் என்றழைக்கப்படும் ஈராண்டுக் கல்லூரிகளில் வறிய குடும்பத்துப் பிள்ளைகளே அதிகம் சேர்கிறார்கள், அவர்களிற் பெரும்பாலானோர் முடிக்காமலே போய்விடுகிறார்கள். நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் தன்னுடைய சமுதாயக் கல்லூரிகளில் 2007 இல் ஏசாப் என்ற திட்டத்தைத் தொடங்கி, முழுநேரமாகப் படிக்கச் சம்மதித்தவர்களுக்கு மாதாந்தப் பயணச்சீட்டு, இலவசப் பாடநூல்கள், மேலதிக வகுப்புகள், ஒழுங்காகச் சந்திக்கவேண்டிய ஓர் ஆலோசகர் ஆகியவற்றை ஒருசேரக் கொடுத்தது. எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டு 2015 இல் வெளியிட்ட முடிவுகளின்படி, மூன்று ஆண்டுகளுக்குள் கற்கையை முடித்தவர்கள் திட்டத்தில் இருந்தோரில் 40 சதவீதம், இல்லாதோரில் 22 சதவீதம். இரு குழுவினரிலும் பெரும்பாலானோர் ஏற்கெனவே பெல் மானியம் என்ற அரச உதவி பெற்றவர்கள் என்பதைக் கவனியுங்கள். கட்டணத்துக்கு உதவி இருந்தும் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். பஸ்ஸும் புத்தகமும் தம்மை விசாரிக்க ஒரு மனிதரும் சேர்ந்து கிடைத்தபோதுதான் முடித்தவர்களின் தொகை இருமடங்கை நெருங்கியது. அந்த ஆய்வு நடந்தபோது அங்கே ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்கள்தான் இருந்தார்கள். இங்கே ஆலோசனைப் பொறுப்பு என்பது முழுநேரக் கற்பித்தலுக்கு மேல் ஏற்றப்பட்ட சுமை. இதை அதிகாரிகள் பார்வைக்கு எழுதுகிறேன்.

சரி, அத்தகைய திட்டம் வரும்வரை காத்திருக்க முடியாது. இப்போது இருப்பவற்றையே எங்கள் பிள்ளைகள் பயன்படுத்துவதில்லை என்பதுதான் என் பெரிய ஆதங்கம்.

இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சலுகைப் பருவச்சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அரச தொழிற்பயிற்சி நிறுவன மாணவர்களும் நிறுவனத்தின் உறுதிப்படுத்தலோடு இதைப் பெறலாம். பாடசாலைப் பிள்ளைகளுக்குத்தான் சீசன் கிடைக்கும் என்று நினைத்துப் பல மாதங்கள் முழுக் கட்டணம் கொடுத்து வந்தவர்களைச் சந்தித்திருக்கிறேன். தனியார் பஸ்ஸில் அது செல்லாது, ஆகவே உங்கள் பாதையில் சபை பஸ் எந்த நேரத்தில் ஓடுகிறது என்று முதலில் விசாரியுங்கள். அது முதல் பாடவேளைக்குச் சற்றுப் பிந்தித்தான் வந்துசேரும் என்றால், அதையும் எங்களிடம் சொல்லுங்கள். கால்மணி நேரம் பிந்தி வர அனுமதி எழுதித் தருவது எங்களுக்குப் பெரிய காரியமன்று.

முழுநேர மாணவர்களுக்கான மாதாந்தக் கொடுப்பனவு வகுப்பு வரவைப் பொறுத்தது. அதன் நிபந்தனைகள் கற்கைநெறிக்கும் ஆண்டுக்கும் ஏற்ப மாறுவதால் அறிவித்தற் பலகையைப் பாருங்கள், விண்ணப்பத்தின் இறுதித் திகதியைத் தவறவிடாதீர்கள், உங்கள் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கைத் திறந்து வையுங்கள். தேசிய அடையாள அட்டை இல்லாததால் கணக்கு இல்லை, கணக்கு இல்லாததால் கொடுப்பனவு இல்லை என்று அரை ஆண்டை இழந்தவர்கள் உண்டு. இடப்பெயர்விலும் 2004 கடற்கோளிலும் ஆவணங்களைத் தொலைத்த குடும்பங்கள் இன்னும் எங்கள் மாவட்டத்தில் இருக்கின்றன. பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போங்கள். பிறப்பே பதியப்படவில்லை என்றாலும் காலங்கடந்த பதிவு செய்ய வழி உண்டு. கிராம உத்தியோகத்தர் ஊரில் நடமாடும் சேவை வைக்கும் நாளில் வீட்டுக்குள் இருந்துவிட்டுப் பிறகு என்னிடம் வந்து அழாதீர்கள்.

உங்கள் பிரதேச செயலகத்திலே மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரும் சமூக சேவை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். தொழில் வழிகாட்டலும் வேலைவாய்ப்புத் தகவலும் முன்னவரிடம் கிடைக்கும். மாற்றுத்திறனாளி மாணவர், நோயாளியான பெற்றோர், பெண் தலைமைக் குடும்பம் போன்ற நிலைகளில் பின்னவரை நாடுங்கள். குடும்பம் அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவியைப் பெறுவதாயின் அதற்கான உறுதிக்கடிதம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். நலன்விரும்பிகளும் பழைய மாணவர்களும் சப்பாத்தோ கருவியோ கொடுக்க முன்வரும்போது, யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க அந்தக் கடிதம் எங்களுக்கு உதவுகிறது. உயர் தேசிய டிப்ளோமாவை முழுநேரமாகக் கற்கும் பிள்ளைகள் மகாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்க மறக்கவேண்டாம். பல்கலைக்கழகத்தாருக்கு மட்டும் உரியது என்று தாமாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தக் கற்கைகள் ஆங்கிலத்தில் நடப்பதால் தமிழில் படித்து வந்தவர்கள் முதல் அரையாண்டில் தடுமாறுவது இயல்பு. அதற்காகப் பின்வாங்காமல் விரிவுரையாளரிடம் மேலதிக உதவியைக் கேட்டுப் பெறுங்கள்.

மனத்துயரைப் பற்றியும் சொல்லவேண்டும். நித்திரையின்மை, யாரோடும் பேசப் பிடிக்காமை, வாழ்வதில் சலிப்பு ஆகியவற்றோடு வரும் பிள்ளைகள் கூடிவருகிறார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். பெண்பிள்ளைகள் வழியிலோ பணியிடப் பயிற்சியிலோ தொல்லைக்கு ஆளானால் 1938 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. பகிடிவதை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தண்டனைக்குரிய குற்றம். இவற்றில் ஒன்றுக்காக எந்தப் பெற்றோரும் மகளைப் படிப்பிலிருந்து நிறுத்தி வீட்டில் வைக்கவேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன். தவறு செய்தவர் வெளியே போகவேண்டும், உங்கள் பிள்ளை உள்ளே இருக்கவேண்டும்.

பாடசாலை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சாதாரண தரத்தில் குறைவான பெறுபேறு எடுத்த பிள்ளையிடம், "உனக்கு வேற வழியில்லை, தொழில் படி" என்று சொல்லி அனுப்பாதீர்கள். அந்தச் சொல்லோடு வரும் பிள்ளை, உதவி கேட்கும் உரிமை தனக்கில்லை என்ற எண்ணத்தோடுதான் எங்கள் படியேறுகிறது. தேசிய தொழிற்தகைமைக் கட்டமைப்பில் நான்காம் மட்டத்துக்கு மேலே ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள், ஏழாவது பட்டம். இரத்மலானையிலுள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் 2008 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்டது இந்தப் பாதையில் வருபவர்களுக்காகத்தான். இதைச் சொல்லி அனுப்புங்கள்.

பெற்றோரே, பிள்ளை இரண்டு நாள் போகவில்லை என்றால் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். வரவு ஒரு எல்லைக்குக் கீழே இறங்கியபின் கொடுப்பனவையும் மதிப்பீட்டுக்குரிய தகுதியையும் மீட்பது மிகவும் கடினம். அதற்கு முன் வந்தால் பணியிடப் பயிற்சியை வீட்டுக்கு அண்மையில் ஒழுங்குசெய்ய முயலலாம், மாலை வேலையோடு படிக்கக்கூடிய பகுதிநேர வகுப்புக்கு மாற்றலாம், ஒரு பருவம் தள்ளி அடுத்த அணியோடு சேர்க்க எழுதலாம். கடன்காரர் வாசலில் நிற்கிறார் என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அதையே சொன்னவர்கள் பலர்.

ஏற்கெனவே விட்டுப் போனவர்களுக்கும் கதவு அடைபடவில்லை. தேர்ச்சி பெற்ற அலகுகளுக்கான பதிவு உங்களிடம் இருந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், எஞ்சிய அலகுகளை மட்டும் பிறகு முடிக்கலாம். அதே தொழிலில் வெளியே வேலை செய்து அனுபவம் பெற்றிருந்தால், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பீட்டுக்குத் தோற்றிச் சான்றிதழ் பெறலாம். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையில் விசாரித்தால் நடைமுறையைச் சொல்வார்கள். வேலை செய்த இடத்துக் கடிதமும், செய்த வேலைகளின் படங்களும் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். அவசரப்பட்டு எங்கோ பணம் கட்டிச் சேர்வதாயின், அந்த நிறுவனமும் கற்கைநெறியும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியுள்ளனவா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

மூதூர்த் தம்பிக்கு ஊரவர் மூலம் செய்தி அனுப்பியிருக்கிறேன். அடுத்த அணியின் மதிப்பீட்டில் அவரைச் சேர்ப்பதற்கான விண்ணப்பம் நிரப்பி வைக்கப்பட்டிருக்கிறது, அவருடைய கையொப்பம் மட்டும் வேண்டும். அவரைப் போல நின்றுவிட்ட மற்றவர்களும் அனுமதி இலக்கம் நினைவில்லை, கடிதங்கள் கையில் இல்லை என்று தயங்கவேண்டாம். பெயரையும் படித்த ஆண்டையும் சொன்னால் பதிவேட்டில் நாங்கள் தேடி எடுத்துக்கொள்வோம்.