கொசு விரட்டும் பருத்திச் சட்டை: முகர்ந்து பார்த்து வாங்காதீர்கள்

கொசு விரட்டும் துணி என்று கையில் கொடுத்தால் பலரும் முதலில் முகர்ந்துதான் பார்க்கிறார்கள். வாசனை தூக்கலாக அடித்தால் நல்ல சரக்கு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். துணி ஃபினிஷிங்கில், அதாவது நெய்த துணிக்கு மருந்தேற்றி மெருகூட்டும் வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், வாசனை வருகிறது என்றாலே மருந்து துணியை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சிக்கலே இங்கேதான். சிட்ரோனெல்லா என்ற புல் தைலம் போன்றவை ஆவியானால்தான் கொசு விலகும், ஆவியாகிவிட்டால் துணியில் ஒன்றும் மிஞ்சாது. வெறுமனே முக்கிக் காயவைத்த பருத்தி சில சலவைகளிலேயே மருந்தில்லாத வெறும் துணியாகிவிடும். அதனால் தைலத்தை நுண்ணிய உறைகளில் அடைத்து, பைண்டர் என்ற ஒட்டும் பொருள் கலந்த கரைசலில் துணியை முக்கி, மேங்கிள் உருளைகளில் பிழிந்து, உலர்த்தி, சூடேற்றி பைண்டரை இறுக வைக்கும் க்யூரிங் செய்கிறோம். பாடாய்ப் படுத்துவது இந்தக் கடைசிக் கட்டம்தான்: பைண்டர் இறுகட்டும் என்று 150 டிகிரிக்கு ஏற்றினால் உறைக்குள் இருக்கும் தைலமே கசிந்து பறக்கும், சூட்டைக் குறைத்தால் உறைகள் சலவையில் உதிரும், சரி பைண்டரைக் கூட்டுவோம் என்றால் துணி அட்டை மாதிரி விறைத்து வியர்வையை உறிஞ்சாது, அப்புறம் பருத்தி எதற்கு?

எனக்குப் பிடித்தது சைக்ளோடெக்ஸ்ட்ரின் வழி. தைலத்தை உள்ளே வைத்துக்கொள்ளும் வளைய மூலக்கூறு அது, அதன் பீட்டா வகையில் ஏழு குளுக்கோஸ் அலகுகள் சேர்ந்திருக்கும். அதன் வினைபுரியும் வகையைப் பருத்தி இழையின் செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பாகவே கோத்துவிடலாம். வளையம் சலவையைத் தாங்கும். உள்ளே உட்கார்ந்த தைலம் மெல்ல வெளியேறிவிடும், அதை மறுபடி ஏற்றத்தான் வேண்டும்.

பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி வேறு ரகம். எளிதில் ஆவியாகாது, துணிமேல் உட்காரும் பூச்சியின் நரம்பைத் தாக்கும். ராணுவச் சீருடைகளில் ஆலையிலேயே பாலிமரோடு ஏற்றுகிறார்கள், பல பத்து சலவைகளுக்குத் தாங்குகிறது. ஆனால் மூடாத கைக்கு அது காவல் இல்லை, டிரை கிளீனிங்கில் போய்விடும், அதற்குப் பழகிப்போன கொசுக்களும் உண்டு. மீன்களுக்குக் கொடிய நஞ்சு, ஈரமாக இருக்கையில் பூனைக்கும் ஆபத்து. பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை வாங்கி வீட்டில் நீங்களே சட்டையில் தெளிப்பது வேண்டவே வேண்டாம்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கிறது. பகல் முழுக்க வலைக்குள் உட்கார முடியாது என்பதால்தான் உடையில் இவ்வளவு பாடுபடுகிறோம். வாங்கும்போது என்ன மருந்து, எத்தனை சலவை என்று கேளுங்கள். சோதனை அறிக்கை காட்டினால், துவைத்த துணியில் எடுத்ததா என்று பாருங்கள். பெர்மெத்ரின் போன்ற கொல்லும் மருந்துக்கான கூம்புச் சோதனையில் கொசுவைக் கூம்புக்குள் அடைத்து 3 நிமிடம் துணிமேல் விட்டு, 60 நிமிடத்தில் எத்தனை விழுந்தன, 24 மணி நேரத்தில் எத்தனை செத்தன என்று எண்ணுவார்கள். புதுத் துணியில் மட்டும் எடுத்த எண்ணிக்கையை நீட்டினால் வாங்காதீர்கள்.