திக்: வியட்நாம் பிக்குகளின் பெயரில் வரும் முதல் சொல்

திக் நாட் ஹான், திக் குவாங் டுக், திக் குவாங் டோ. வியட்நாம் பிக்குகளின் பெயர்கள் பெரும்பாலும் ‘திக்’ என்று தொடங்கும். பட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது குடும்பப் பெயர். பிறந்த வீட்டுப் பெயர் அல்ல, புத்தரின் குலப் பெயரான சாக்கிய.

‘சாக்கிய’ என்பதைச் சீனர்கள் தங்கள் எழுத்தில் ஒலிபெயர்த்தார்கள். அதன் முதல் எழுத்தைத்தான் வியட்நாமியர் ‘திக்’ என்று வாசிக்கிறார்கள். நான்காம் நூற்றாண்டில் சீனத் துறவி தாவோ ஆன், துறவிகள் எல்லாரும் சாக்கியமுனியின், அதாவது புத்தரின், பெயரையே சூட்டிக்கொள்ள வேண்டும் என்றார். கங்கையும் யமுனையும் கடலில் சேர்ந்ததும் பெயர் இழப்பதுபோல, எந்த வருணத்தார் துறவு பூண்டாலும் சாக்கியப் புத்திரர்தான் என்று பாலி நூல்களும் சொல்கின்றன. பெண் துறவிகளுக்கு ‘திக் நூ’.

தமிழில் இதற்குப் புதுச்சொல் ஆக்க வேண்டியதில்லை. சாக்கியர் என்ற சொல் தேவாரத்திலேயே இருக்கிறது, பௌத்தரை மறுக்கும் இடங்களில். அறுபத்து மூவரில் ஒருவர் சாக்கிய நாயனார். அப்புறம் 1898இல் அயோத்திதாசர் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியபோது அந்தச் சொல்லைப் பெருமையோடு எடுத்துக்கொண்டார். பெயரில் ‘திக்’ அப்படியே இருக்கட்டும். பொருள் சொல்லும்போது ‘சாக்கியர்’ என்பதே சரி.

இந்தப் பெயரின் கனத்தைத் திக் குவாங் டோவிடம் பார்க்கலாம். ‘குவாங் டோ’ என்றால் பலரையும் கரையேற்றுதல். 1928இல் பிறந்தவர். 1975க்குப் பிறகு கம்யூனிஸ்ட் அரசு, அவர் சார்ந்திருந்த ஒன்றுபட்ட பௌத்த சங்கத்தை முடக்கி, 1981இல் தன் கட்டுப்பாட்டில் வேறொரு சங்கத்தை நிறுவியது. அதில் சேர அவர் மறுத்தார். 1982இல் அம்மாவோடு, ‘தாய் பின்’ என்ற தன் சொந்த மாகாணத்துக்கு நாடு கடத்துவதுபோல் அனுப்பப்பட்டார். அம்மா அங்கேயே இறந்தார். மீகாங் ஆற்று வெள்ளத்தில் தவித்தவர்களுக்கு உதவி திரட்டியதற்காக 1995இல் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை. கரையேற்றுபவர் என்று பெயர் வைத்தவருக்கு, கரையேற்றியதே குற்றமானது! 1998இல் விடுதலையான பிறகும் சைகோன் மடத்தில் பல ஆண்டுகள் காவல். அங்கிருந்தே மதச் சுதந்திரத்துக்காக எழுதிக்கொண்டிருந்தார். 2006இல் நார்வேயின் ராஃப்டோ மனித உரிமைப் பரிசு கிடைத்தது. 2008இல் அந்த ஒன்றுபட்ட பௌத்த சங்கத்தின் தலைவரானார்.

2020 பிப்ரவரியில் காலமானார். தன் அஸ்தியைக் கடலில் கரைக்கச் சொல்லி உயில் எழுதிவைத்திருந்தார்.