விளைவுவாதம்: வசவாகப் பிறந்த ஒரு சொல்

ஒரு செயல் சரியா தவறா என்பதை அதனால் என்ன விளைகிறது என்பதைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்ற கொள்கைக்கு 'கான்சிக்வென்ஷியலிசம்' என்று பெயர். 'பின்தொடர்ந்து வருவது' என்ற பொருள் தரும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. தத்துவ வகுப்புகளில் இன்று அது சாதுவான கலைச்சொல். ஆனால் பிரிட்டிஷ் தத்துவவாதி எலிசபெத் ஆன்ஸ்கம் 1958-இல் தம் கட்டுரையொன்றில் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது, திட்டுவதற்காகவே கொண்டுவந்தார்.

ஆன்ஸ்கம் தத்துவவாதி விட்கென்ஸ்டைனின் மாணவி. இளம் வயதிலேயே கத்தோலிக்கத்தைத் தழுவியவர். 1956-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம், ஜப்பான்மீது அணுகுண்டு போட உத்தரவிட்ட முன்னாள் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்குக் கௌரவப் பட்டம் தர முன்வந்தபோது எழுந்து எதிர்த்தார். ஹிரோஷிமாவில் குண்டு போட்டதால் போர் சீக்கிரம் முடிந்தது, பல உயிர்கள் தப்பின என்பது மறுதரப்பின் வாதம். குற்றமற்றவர்களைக் கொல்வதையே வழியாகத் தேர்ந்தெடுத்தால் அது கொலைதான், தப்பிய உயிர்களை எண்ணிக் காட்டி அதைக் கழுவ முடியாது என்றார் ஆன்ஸ்கம். ஒரு சிலரே அவர் பக்கம் நின்றார்கள். பட்டம் வழங்கப்பட்டது.

இரண்டு ஆண்டு கழித்து அந்தச் சொல்லால் அவர் சாடியது, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி சிட்ஜ்விக் தொடங்கிவைத்த ஒரு கருத்தைத்தான்: முன்கூட்டித் தெரிந்த விளைவுகள் எல்லாவற்றையும் நாடிச் செய்தவையாகவே கொள்ள வேண்டும் என்பது. கத்தோலிக்க மரபு, தெரிந்திருப்பதையும் நாடுவதையும் பிரித்தே பார்க்கும். வலி தணியட்டும் என்று மார்ஃபின் ஊசி போடும் மருத்துவருக்கு, நோயாளியின் ஆயுள் சற்றுக் குறையலாம் என்பதும் தெரிந்திருக்கலாம். சாகட்டும் என்றே அதே ஊசியைப் போடுபவர் செய்வது வேறு செயல். இந்த வேறுபாட்டை அழித்துவிட்டால் எந்தக் கொடுமைக்கும் நியாயம் கற்பிக்கலாம் என்பது ஆன்ஸ்கம்மின் கவலை. இன்று இக்கொள்கையின் முன்னோடியாகச் சொல்லப்படும் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லை அவர் இந்தப் பெயருக்குள் சேர்க்கவில்லை என்பது வேடிக்கை. சொல்லின் பொருள் பிற்பாடு அவ்வளவு அகன்றுவிட்டது.

கருத்தடையையும் கருக்கலைப்பையும் கடுமையாக எதிர்த்ததால் அவரைப் பழமைவாதிகள் தங்களவராகக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும்; ஆனால் 1939-இல் தம் நாடு போரில் இறங்கியதையே நியாயமற்றது என்று துண்டுப்பிரசுரம் எழுதியவரும் இவர்தான். கட்சி அரசியலின் பெட்டிக்குள் அடங்காதவர்.

தமிழில் எப்படிச் சொல்வது? 'பயன்வாதம்' என்றால் அதிகம் பேருக்கு அதிக நன்மை என்ற மில்லின் பயன்பாட்டுவாதத்தோடு குழம்பும். 'பின்விளைவு' நம் காதில் மிரட்டலாகவே விழுகிறது: "பின்விளைவுகளைச் சந்திக்க நேரிடும்" என்பது அரசியல் அறிக்கைகளில் அடிபடும் வாசகம். 'வினைப்பயன்' அறவே ஆகாது. அது செய்தவனையே வந்து சேரும் ஊழைக் குறிப்பது, இங்கே பேச்சு உலகுக்கு நேரும் விளைவைப் பற்றியது. 'விளைவியல்' என்றால் ஏதோ ஒரு துறையின் பெயர் போலிருக்கும். பொதுப் பயன்பாட்டுக்கு 'விளைவுவாதம்' போதும். வடசொல் வேண்டாம் என்பவர்கள் 'விளைவியம்' என்று எழுதலாம். ஆன்ஸ்கம்மின் கட்டுரையை மொழிபெயர்ப்பவர் மட்டும், அவர் கொண்ட குறுகிய பொருளை முதல் அடிக்குறிப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.