பாக்குத் தோப்புக்கு எத்தனை முக்கோணம்?

மேட்டுப்பாளையம்–குன்னூர் மலை ரயிலைக் கணினி சிமுலேட்டரில் உருவாக்க உட்காருகிறவருக்கு, நீராவி எஞ்சினின் தகடுகளை இணைக்கும் தறையாணி, அதாவது ரிவெட், ஒன்றுகூட விடாமல் செதுக்கிவிட வேண்டும் என்ற ஆசை முதலில் வருகிறது. ஆசையில் தப்பில்லை, கணக்குத்தான் இடிக்கிறது.

திரையில் தெரிபவை பெரும்பாலும் முக்கோணங்களால் கட்டப்பட்டவை. விநாடிக்கு 60 படங்கள் வேண்டுமானால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லி விநாடி. மலை, மரம், பெட்டி, புகை அத்தனையும் அதற்குள் வரைந்து முடிய வேண்டும்.

ரிவெட்டின் தலை 3 செ.மீ. அகலம் என்று வையுங்கள். 1080 பிக்சல் உயரமுள்ள திரையில், 60 பாகைப் பார்வைக் கோணத்தில், ஒரு மீட்டர் தொலைவில் அது சுமார் 28 பிக்சல். முப்பது மீட்டர் தள்ளிப் போனால் ஒரு பிக்சல்கூடத் தேறாது. அந்த ஒரு பிக்சலுக்குள் பத்து முக்கோணங்கள் முதல் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம்போல முண்டியடித்தால், எது தெரிவது என்பது படத்துக்குப் படம் மாறும்; எஞ்சினின் பக்கவாட்டில் மினுமினுப்பு ஓடும். மிகை நுணுக்கம் வேகத்தைத் தின்பதோடு காட்சியையும் கெடுக்கிறது. ஆகவே ஒரே எஞ்சினுக்குத் தொலைவுக்கேற்ப மூன்று நான்கு வடிவங்கள் செய்கிறார்கள். தூரத்து வடிவத்தில் ரிவெட் கிடையாது. ஒளி படும் கோணத்தை மாற்றி மேடுபோல் காட்டும் ‘நார்மல் மேப்’ என்ற படத்தை ஒட்டினால் போதும்.

உண்மையான சோதனை பல் தண்டவாளத்தில் இருக்கிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை சுமார் 20 கி.மீ. தூரத்துக்கு, இரு தண்டவாளங்களின் நடுவே, எஞ்சினின் பற்சக்கரம் கவ்வி ஏறுவதற்காக, ‘அப்ட்’ என்ற முறையில் பல்பட்டைகள் இரண்டு ஓடுகின்றன. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். பல்லுக்குப் பல் 12 செ.மீ. என்று கொண்டால்கூட மூன்று லட்சத்துக்கும் மேல் பற்கள். பல்லுக்கு 20 முக்கோணம் போட்டால் 66 லட்சம்! ஆனால் மலையேறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. பற்களைக் கிட்டத்தில் பார்ப்பவர் முன்பெட்டியின் மேடையில் நிற்கும் பிரேக்மேன்தான். அவர் கண்முன்னே பதினைந்து மீட்டருக்கு மசகு பூசிய பற்களைச் செதுக்கி, அதற்கப்பால் படம் ஒட்டிய பட்டையை விரித்துவிடலாம்.

கல்லாற்றுப் பாக்குத் தோப்பும் அப்படியே. தண்டவாளத்தை ஒட்டிய மரங்களுக்கு உருண்டைத் தண்டும் கணுவளையமும் வேண்டும். மூன்றாம் வரிசையிலிருந்து குறுக்காக நிறுத்திய இரண்டு தட்டைப் படங்கள் போதும். நெட்டுக்குத்தாக வளரும் பாக்கு இந்த ஏமாற்று வேலைக்கென்றே பிறந்த மரம். கிளை விரித்த புளியமரத்தில் குட்டு உடைந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத இயற்பியலில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்பேன். இப்பாதையின் மிகச் செங்குத்தான ஏற்றம் சுமார் 12.5 அடிக்கு ஓர் அடி. நூறு டன் வண்டியை அங்கே எட்டு டன் எடைக்குச் சமமான விசை கீழே இழுக்கிறது. சக்கரம் வழுக்கும் கணக்கு, பல்பட்டை இல்லாத மேட்டுப்பாளையம்–கல்லாறு துண்டில் அவசியம். பல் பிடித்தபின் அதைச் சுருக்கிக்கொள்ளலாம். பிரேக்கைச் சுருக்க முடியாது. பெட்டிக்கொரு பிரேக்மேன் நிற்கும் வண்டியில் எல்லாப் பிரேக்கையும் ஒரே எண்ணாக்கினால், ஒருவர் தாமதமாக இறுக்கியபோது இறக்கத்தில் என்ன ஆகிறது என்பதைக் காட்டவே வழியிருக்காது.