ரத்தக்கறையைக் கழுவ யார் பணம் தருவார்கள்? அமெரிக்காவில் உள்ள உதவி

வீட்டுக்குள் ஒரு கொலையோ கத்திக்குத்தோ நடந்துவிட்டால் போலீஸ் வரும், மஞ்சள் டேப் கட்டும், படம் எடுக்கும், தடயங்களைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகும். அதோடு அவர்கள் வேலை முடிந்தது. தரையில் உறைந்த ரத்தம் அப்படியே கிடக்கும். அமெரிக்காவில் அதைச் சுத்தம் செய்வது வீட்டுக்காரர் தலையில்தான் விழும். பலருக்கு இது அன்றைக்குத்தான் தெரியவருகிறது. அழுது ஓய்வதற்குள் வாளியும் துணியுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அப்படி உட்கார வேண்டாம். இந்த வேலைக்கென்று பயிற்சி பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்களுக்குக் கொடுக்கும் கூலியில் ஒரு பகுதியையாவது பல மாநில அரசுகள் தருகின்றன. பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் என்று எல்லா 50 மாநிலங்களிலும் ஒன்று உண்டு. 1965இல் கலிஃபோர்னியா முதலில் ஆரம்பித்தது. 1984இல் மத்திய அரசு இதற்கெனச் சட்டம் போட்டு ஒரு நிதியம் வைத்தது. அந்த நிதியத்துக்கான பணம் பெரும்பாலும் மத்திய நீதிமன்றங்களில் தண்டனை பெற்றவர்கள் கட்டும் அபராதத்திலிருந்து வருகிறது. வருமான வரியிலிருந்து அல்ல. மாநிலம் தன் பணத்தில் கொடுக்கும் ஒவ்வொரு 100 டாலருக்கும் 75 டாலர் என்ற கணக்கில் மத்திய மானியம் கிடைக்கும். 2021இல் சட்டத்தைத் திருத்துவதற்கு முன்பு அது 60 டாலர்.

மருத்துவச் செலவு, இழந்த சம்பளம், இறுதிச் சடங்கு ஆகிய மூன்றையும் எல்லா மாநிலங்களும் கொடுத்தாக வேண்டும். சுத்தம் செய்யும் செலவு அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. கொடுப்பதா, எவ்வளவு கொடுப்பது என்பது மாநிலத்தின் முடிவு. நியூயார்க்கில் 2,500 டாலர் வரை, டெக்சாஸில் 2,250 டாலர் வரை, கலிஃபோர்னியாவில் 1,709 டாலர் வரை. இவை உச்சவரம்புகள்தான், அதுவும் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் நாளில் அந்த மாநிலத்தின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது: குற்றம் வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ நடந்திருக்க வேண்டும்.

தொகை போதுமா? பெரும்பாலும் போதாது. மேலே தெரியும் கறையைத் துடைப்பதோடு இந்த வேலை நிற்பதில்லை. ரத்தம் கார்ப்பெட்டைத் தாண்டி அடியிலுள்ள பலகைக்கும், சுவர்ப்பலகையின் ஓரத்துக்கும் இறங்கியிருக்கும். நனைந்த பகுதியை வெட்டி எடுத்து, மருத்துவக் கழிவைப் போலத் தனியாக மூட்டை கட்டி அனுப்ப வேண்டும். ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமியோ எச்.ஐ.வி.யோ இருக்கலாம் என்று எண்ணித்தான் அதைக் கையாள வேண்டும் என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி 1991 முதல் சொல்கிறது. இந்த வேலை செய்பவர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முதலாளி இலவசமாகத் தர வேண்டும். இத்தனைக்கும் சேர்த்துப் போடும் பில் சில ஆயிரம் டாலருக்குப் போவது சாதாரணம்.

அதனால்தான் வரிசை முக்கியம். இந்தத் திட்டங்கள் எல்லாமே கடைசிக் கை. வேறு யாரும் கொடுக்காத மிச்சத்தைத்தான் கொடுக்கும். முதலில் வீட்டு இன்ஷூரன்ஸைக் கேளுங்கள். பல பாலிசிகளில் இந்தச் செலவுக்கு இடமுண்டு. நீங்கள் கைப்பணமாகக் கட்டும் டிடக்டிபிள் தொகையைப் பிறகு மாநிலத் திட்டத்திடம் கேட்கலாம். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் பாலிசியையும் விசாரியுங்கள், சுவரும் தரையும் அவருடையவைதானே.

அப்புறம் நிறுவனம். துக்கத்தில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்குவது சுலபம். எழுத்தில் மதிப்பீடு தராதவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கலிஃபோர்னியாவில் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையில் பதிவு செய்த நிறுவனமாக இருக்க வேண்டும். பதிவில்லாதவரிடம் வேலை கொடுத்தால் பணம் திரும்பி வராது. எந்த மாநிலமானாலும் நிறுவனத்திடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “பில்லை நேராகத் திட்டத்துக்கே அனுப்புவீர்களா, அவர்கள் பணம் கொடுக்கும் வரை காத்திருப்பீர்களா?” சிலர் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் முழுப் பணத்தையும் முதலில் நீங்கள் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். ரசீது, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், போலீஸ் புகார் எண் மூன்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். போலீஸ் இடத்தை விடுவித்துவிட்டதாகச் சொல்லும் வரை எதையும் தொட வேண்டாம்.

யார் விண்ணப்பிக்கலாம்? பாதிக்கப்பட்டவர், அவர் குடும்பத்தினர், சில மாநிலங்களில் லாபநோக்கம் இல்லாமல் அந்தச் செலவை ஏற்றுக்கொண்ட எவரும். பொதுவாகக் குற்றம் எந்த மாநிலத்தில் நடந்ததோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தில் அல்ல. வெளியூர்க்காரருக்கும் உள்ளூர்க்காரருக்கு உள்ள அதே அடிப்படையில் தர வேண்டும் என்று மத்திய சட்டமே சொல்கிறது. கலிஃபோர்னியாவில் குடியுரிமையோ விசா நிலையோ தடையில்லை. விசா பயத்தில் விண்ணப்பத்தையே தொடாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

குற்றவாளி பிடிபட்டிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. ஆனால் பொதுவாகப் போலீஸில் புகார் பதிவாகியிருக்க வேண்டும், விசாரணைக்கு ஒத்துழைத்திருக்க வேண்டும். அந்தக் குற்றத்தில் பாதிக்கப்பட்டவருக்கே பங்கிருந்தது என்று தெரிந்தால் தொகை குறையலாம், மறுக்கவும் படலாம். தற்கொலைக்கும் இயற்கை மரணத்துக்கும் பிறகு செய்யும் சுத்தம் பொதுவாக இதில் வராது. உடைந்த டிவி, கிழிந்த சோபா போன்றவையும் சொத்துச் சேதக் கணக்கில் போய்விடும். ஆனால் போலீஸ் தடயமாக எடுத்துக்கொண்ட உடை, படுக்கை விரிப்புக்குச் சில மாநிலங்கள் தனியாகத் தருகின்றன. டெக்சாஸ் அப்படி ஒன்று.

கால வரம்பும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் குற்றம் நடந்து மூன்று ஆண்டுக்குள், கலிஃபோர்னியாவில் ஏழு ஆண்டுக்குள். பின்னாளில் நீதிமன்றம் குற்றவாளியிடமிருந்து உங்களுக்கு நஷ்ட ஈடு வாங்கிக் கொடுத்தால், திட்டம் கொடுத்த பங்கைத் திருப்பிக் கேட்பார்கள். அதற்கென்று தனி விதி இருக்கிறது.

படிவம் நிரப்ப வக்கீல் தேவையில்லை. போலீஸ் நிலையங்களிலும் அரசு வழக்கறிஞர் அலுவலகங்களிலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவதற்கென்றே பல இடங்களில் ஆள் இருக்கிறார். கட்டணம் கிடையாது. குற்றம் மத்தியச் சட்டத்தின் கீழ் வந்தால் எஃப்.பி.ஐ.யிலேயே அப்படி ஒரு பிரிவு இருக்கிறது, சுத்தம் செய்யும் ஏற்பாட்டையும் அவர்களிடம் கேட்கலாம். ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருக்கு ஃபோனில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.